சனி, ஞாயிறு வறண்ட வானிலை

கிருபாபுரத்து மொட்டைமாடிகளில் மாங்காய்க் கீற்று காய்ந்துகொண்டிருந்தால், அன்றைக்கு மழை வரும் என்று அப்பாத்துரை சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஊர். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு டீக்கடை, முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். இத்தனை சின்ன ஊருக்குச் சொந்தமாக ஒரு வானிலை நிபுணர் என்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அவர் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும் என்பதில் ஊருக்கு ஒரு சொத்து சேர்ந்த திருப்தி. பாதி நாள் சரியாகவும் பாதி நாள் தப்பாகவும் சொல்கிறவரை வைத்துக்கொண்டு ஒரு ஊர் என்ன செய்ய முடியும்? விடாமல் தப்பாகச் சொல்கிறவர் என்றால் அவரை நம்பிக் கல்யாணத்துக்கே நாள் குறிக்கலாம். குறித்தார்கள்.

அப்பாத்துரை அணைக்கட்டு அலுவலகம் ஒன்றில் மழைமானி பார்த்தவர். முப்பத்தோரு வருஷம், தினமும் காலை எட்டரை மணிக்கு, முந்தின நாள் பெய்ததை அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப்பிடித்து, இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. பெய்து முடிந்ததைச் சொல்வதில் அப்படி ஒரு வசதி. ஓய்வு பெற்ற பிறகுதான் பெய்யப்போவதையும் சொல்லிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. மகள் டார்லின் பெங்களூரிலிருந்து ஒரு நல்ல செல்போன் வாங்கி அனுப்பியதில் ஆசைக்குக் கையும் காலும் முளைத்தன.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு, 'கிருபாபுரம் ஜெப உதவி' என்ற வாட்ஸ்அப் குழுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் குரல் வரும். "அன்பானவர்களே, வருகிற சனி ஞாயிறுக்கான வானிலைக் கண்ணோட்டம்." குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விடுகிறவர்கள்கூட இதைக் கவனமாகக் கேட்பார்கள். கேட்டால்தானே எதிர்மாறாகச் செய்ய முடியும்.

அவர் தப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. ஊருக்கு மேற்கே மலை. அவர் செல்போனில் பார்த்த மேகம் ஒன்றும் பொய்யான மேகம் இல்லை. அது வரத்தான் செய்யும். வந்து மலையில் முட்டி, பாபநாசத்துக்கு மேலே கொட்டித் தீர்த்து, விக்கிரமசிங்கபுரத்தில் நாலு தூறல் போட்டுவிட்டு, கிருபாபுரத்துக்கு வரும்போது வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடும். மழை இல்லை என்று அவர் சொன்ன வாரத்திலோ, கிழக்கே கடலிலிருந்து ஏதாவது ஒரு மேகம் கொல்லைப்புற வழியாக வந்து ஊரை நனைத்துவிட்டுப் போகும். இதையெல்லாம் அவர் காகிதத்தில் மலை வரைந்து, அம்புக்குறி போட்டு, டீக்கடையில் விளக்கியிருக்கிறார். அந்தக் காகிதத்தில் மறுநாள் பருப்புவடை மடித்துக் கொடுத்தார்கள்.

மனைவி சாரம்மாள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எட்டுத் தடவைக்கு ஏழு தடவை தப்பு என்று சதவீதம் போட்டு வைத்திருந்தாள். "காசச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாக்கூட பாதியாவது தேறியிருக்கும். இதுக்குத் தனித் தெறமை வேணும்" என்பது அவள் கொடுத்த நற்சான்று. வியாழக்கிழமை அவர் வாயில் 'மழை' என்ற சொல் வந்ததுமே மாங்காயும் அரிவாள்மணையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

நாளடைவில் கல்யாண வீட்டார், புதுவீட்டில் பால் காய்ச்சுகிறவர்கள் எல்லாம் பழக்கூடையோடு அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நாங்குநேரியிலிருந்து ஒரு பெண்வீட்டார் வேன் பிடித்து வந்து, இருபத்து மூன்றாம் தேதி கனமழை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கும்பிட்டார்கள். அவர் செல்போனைப் பார்த்துவிட்டு, லேசான மழைக்குத்தான் வாய்ப்பு என்றார். கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடாதா என்று கெஞ்சினார்கள். அப்பாத்துரை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. குவளையில் இல்லாததை எழுதிப் பழகாத கை அது. அன்றைக்கு வெயில் பொளந்ததில் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக மேடையிலேயே மயங்கிச் சரிந்தான். பெண்வீட்டார் சந்தோஷமாக ஒரு தார் வாழைப்பழம் அனுப்பி வைத்தார்கள்.

ஊரில் அவரை நேராகவே நம்புகிற ஆள் ஒரே ஒருத்தி. சுடலைவடிவு. மலையடிவாரத்தில் ஒரு எலுமிச்சைத் தோப்பில் வேலை பார்த்தாள், கூடவே எட்டு ஆடுகளை மேய்த்தாள். கிருபாபுரத்துக்கு என்று அவர் சொன்ன மழையெல்லாம் ஏழு வருஷமாக அவள் தலையில்தான் பெய்துகொண்டிருந்தது. அவர் மழை என்றால் அவள் குடை எடுத்துக்கொண்டு போவாள். மழை வரும். இல்லை என்றால் வெறுங்கையோடு போவாள். வராது. ஊர் ஏன் இந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இந்த மே மாதம் மூன்றாவது ஞாயிறு அசனம் வந்தது. தேவாலயம் கட்டி முடித்த நாளைக் கொண்டாட, வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே சேர்ந்து சமைத்து ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வீட்டுக்கு இத்தனை படி அரிசி, நேர்ந்துவிட்ட கடாக்கள், கூடை கூடையாகக் கத்தரிக்காய். மைதானத்தில் நீளமாகக் குழிவெட்டி அதையே அடுப்பாக்கி, ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் கொதிக்கும். ஆயிரத்தைந்நூறு பேர் சாப்பிடுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவருக்கும் இலை உண்டு. சுடலைவடிவுகூட இந்த வருஷம் ஒரு கடா நேர்ந்து விட்டிருந்தாள். மகள் தேன்மொழிக்கு மாசக்கணக்கில் விடாமல் அடித்த காய்ச்சல் விட்டதற்கு. இருந்ததிலேயே நல்ல கடா.

இதே சபை ஏப்ரல் முழுக்க மழைக்காக முழங்காலில் நின்று ஜெபித்தது. மே பிறந்ததும் ஜெபக்குறிப்பு திருத்தப்பட்டது. மழை வேண்டும், மூன்றாவது ஞாயிறு மட்டும் வேண்டாம். இப்படிப்பட்ட விண்ணப்பங்களை ஆண்டவர் எந்தக் கோப்பில் சேர்த்து வைப்பாரோ என்று அப்பாத்துரைக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஏறக்குறைய ஒரே தொழில்காரர்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அசனக் கமிட்டிச் செயலாளர் ஜெனோ பழக்கூடையோடு வந்தான். பஸ் நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். அப்பாத்துரை மேல் அவனுக்கு அபாரமான நம்பிக்கை, தலைகீழாக. நாளைக்கு அவர் வாயால் ஞாயிற்றுக்கிழமை மழை என்று போட்டுவிட்டால் கமிட்டி துணிப்பந்தலோடு முடித்துக்கொள்ளும் என்றான். தகரப்பந்தல் என்றால் கட்ட இரண்டு நாளாகும், அதனால் வெள்ளிக்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பந்தல்காரர் காஜா முகைதீன் கெடு வைத்திருந்தார்.

சங்கடம் என்னவென்றால், அன்று காலையிலிருந்து காற்றின் போக்கே வேறாக இருந்தது. கடல்காற்று வழக்கத்துக்கு முன்னாலேயே கிழக்கிலிருந்து ஊருக்குள் நுழைந்திருந்தது. மலைக்கு மேலே மேற்கத்திக் காற்று. இரண்டும் முட்டிக்கொள்ள வேண்டிய இடம் எங்கே என்று பார்த்தால், சுமாராக அவர் வீட்டுக் கிணற்றுக்கு மேலே. ஒன்றோடொன்று என்றைக்கும் ஒத்துப்போகாத அவருடைய நாலு வானிலைச் செயலிகளும் இந்தத் தடவை ஒரே குரலில் பேசின. சனி சாயங்காலம் ஒரு மழை. ஞாயிறு மூன்று மணிக்கு மேல் இடியோடு பெருமழை. திங்கள் முதல் வெப்பம் நாலு டிகிரி குறையும். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி இரண்டு காற்றும் எதிரெதிரே நின்று அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் குவளை வழிந்தது.

"ஏலே ஜெனோ, இந்தத் தடவ உண்மையாவே வரும்லே."

ஜெனோவின் முகம் மலர்ந்தது. "அது போதும் மாமா."

"நான் சொல்லுதது ஒனக்கு வெளங்குதா? இடி மழை. அடுப்புக்குழி பூரா தண்ணி நிக்கும். ஆயிரத்தைந்நூறு பேரு சோறும் கொழகொழன்னு போயிரும்."

"அப்படியே வாய்ஸ்ல போட்டுருங்க. அந்த அடுப்புக்குழி சமாச்சாரம் ரொம்ப நல்லாருக்கு."

"தகரம் போடச் சொல்லுலே."

"எதுக்கு மாமா? அதான் நீங்களே மழைன்னுட்டியளே."

போகிற போக்கில் வாசலில் சாரம்மாளிடம், மாமா இவ்வளவு உறுதியாகச் சொல்லி இதுவரை கேட்டதே இல்லை, சாமியானாகூட வேண்டாம்போல என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அப்பாத்துரை உண்மையை வெவ்வேறு கடைகளில் விற்றுப் பார்த்தார். குருவானவரிடம் சொன்னார். அவர் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பண்டிகை நல்லபடியாக நடக்கும் என்று இனித் தைரியமாக இருக்கலாம் என்றார். டீக்கடையில் சொன்னார். டீ இலவசமாகக் கிடைத்தது. எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு தூரம் ஊர் நிம்மதியானது. சத்தியம் செய்து சொன்னபோது ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மழை என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் ஜெயித்துவிடுவார். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு, நனைந்த கோழிகளைப் போல ஓடி வருகிற ஊரைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லலாம். ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம். வலது கையை எந்த அளவுக்குத் தூக்குவது என்பதுகூட முடிவாகியிருந்தது. இன்னொரு பக்கம் ஆயிரத்தைந்நூறு இலை, குழிக்குள் தண்ணீர், சுடலைவடிவின் கடா பாதி வெந்து மிதக்கிற அண்டா. ஜெயித்த கையோடு அந்த அண்டாவைப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கும்.

தொண்டையைச் செருமினார். குரல் நடுங்கியதால் மூன்று தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

"அன்பானவர்களே, சனி, ஞாயிறு இரண்டு நாளும் வறண்ட வானிலையே நிலவும். மழைக்குத் துளியும் வாய்ப்பில்லை. திங்கள்கிழமை முதல் வெப்பம் மேலும் கூடும்."

அடுப்படியில் அரிவாள்மணை சத்தம் நின்றது. சாரம்மாள் வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொல்லையில் கிடந்த விறகையெல்லாம் தாழ்வாரத்துக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

ஊர் கலங்கிவிட்டது. ஆறரை மணிக்கு ஜெனோ பைக்கைக்கூட ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஓடி வந்தான். நேற்று ஒன்று, இன்று ஒன்றாகப் பேசினால் ஊர் யாரைத்தான் நம்புவது என்று கேட்டான். பழக்கூடையில் ஏதாவது குறையா, ஆப்பிள் அழுகலா என்றும் கேட்டான். காற்று திசை மாறிவிட்டது என்று அப்பாத்துரை முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வாசலிலேயே நின்று ஜெனோ காஜா முகைதீனுக்குப் போன் போட்டான். துணி வேண்டாம், தகரம், மைதானம் முழுக்கத் தகரம். அடுப்புக்குழியைச் சுற்றி வரப்பு கட்டவும் ஆள் சொன்னான்.

வெள்ளிக்கிழமை லாரியில் தகரம் வந்து இறங்கியது. அப்பாத்துரை வேடிக்கை பார்ப்பதுபோல் போய் நின்றார். காஜா முகைதீன் அம்பாசமுத்திரத்துக்காரர், நாற்பது வருஷமாகப் பந்தல் கட்டுகிறவர். மூங்கிலில் சாய்ந்துகொண்டு பைய அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, காலையிலேர்ந்து காத்து கெழக்கேருந்துல்லா வருது. நீங்க என்னமோ வறண்ட வானிலைங்கிய."

"தகரத்தக் கட்டும் வே."

காஜா முகைதீன் கிழக்கே ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நாலு மூலையிலயும் ரெண்டு கயிறு கூடப் போட்டு இறுக்கிருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அப்பாத்துரை தன்னை மெச்சிக்கொண்டார். பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் எத்தனை வருஷத்துக்கு முன்பே ஊருக்கு உபயோகமாக இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் வீட்டில் கணக்கு டீச்சர் அவர் இல்லை.

சனிக்கிழமை காலை இட்லி பரிமாறும்போது சாரம்மாள் சொன்னாள். "ஊரெல்லாம் தகரத்துக்குக் கீழ தப்பிச்சுக்கிடும். பாவம், அந்த வடிவு ஒருத்திதான் நீங்க சொன்னத அப்படியே நம்பி, ஆட்டப் பத்திட்டு ஓடைக்கு அங்கிட்டு போவா. நாளைக்கு மத்தியானம்தான் வருவாளாம். தேன்மொழி சொன்னா."

பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். ஊருக்கெல்லாம் பொருந்துகிற பொய். ஒருத்திக்கு மட்டும் அது உண்மை. அவளை அவர் மறந்தே போனார். பொய் சொல்லும்போது நம்புகிறவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது, அனுபவம் இல்லாததால், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சுடலைவடிவின் பட்டன் போன் அணைந்து கிடந்தது. கையைக் கழுவாமலே டிவிஎஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மலையடிவாரம் போகிற மண்சாலை எட்டு கிலோமீட்டர். வெயில் நெற்றியில் ஆணி அடித்தது. பொய் சொன்னதற்கு வானம் இத்தனை மரியாதை கொடுத்து ஒத்துழைத்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு மேகம் கிடையாது.

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். இக்கரையில் அவள் ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். தோளில் தூக்குவாளி. குடை இல்லை.

"வடிவு, ஆட்டத் திருப்பு."

"ஏன் அண்ணாச்சி? எதுக்கு இம்புட்டு வேகமா வாரிய?"

"இடி மழை வருது. சாயங்காலம் ஓடை பெருகிரும். நாளைக்கு அதவிடப் பெருசா வரும். அங்கிட்டுப் போனா மாட்டிக்கிடுவ."

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "நீங்க வறண்ட வானிலைன்னுல்லா சொன்னிய. தேன்மொழி போன்ல போட்டுக் காமிச்சா."

"அது பொய்."

முன்னால் போன ஆடு ஒன்று தண்ணீருக்குள் நின்று திரும்பிப் பார்த்தது.

"நீங்களா அண்ணாச்சி? பொய்யா?"

அவர் தகரப்பந்தல் கதையைச் சொன்னார். மழை என்றால் துணி கட்டுவார்கள், இல்லை என்றால்தான் தகரம் கட்டுவார்கள், அவளுடைய கடாவும் அந்த அண்டாவில்தானே வேகப்போகிறது என்றார். சொல்லச் சொல்ல, கதை அவர் காதுக்கே அத்தனை கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஊரு நம்பலன்னு ஊருக்குப் பொய் சொன்னிய, சரி. நான் நம்புதேன்லா. என்னைய நெனைக்கவே இல்லையே அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"நெனைக்கல. சாரம்மா சொல்லித்தான் ஓடியாரேன்."

"இனிமே வியாழக்கெழம நீங்க பேசினா, அது ஊருக்குச் சொல்லுததா, எனக்குச் சொல்லுததான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

ஏழு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. மழைமானியிலும் பதில் இல்லை, செல்போனிலும் இல்லை. கடைசியில், மழை உண்டு என்றால் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பதாகச் சொன்னார். குழுவில் என்ன பேசினாலும், அந்த மணி அடித்தால் மழை, அடிக்காவிட்டால் இல்லை.

அவள் பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தாள். "இப்ப அடிங்க."

பக்கத்தில் நின்றுகொண்டே அடித்தார். இரண்டு அடி தூரத்தில் மணி ஒலித்தது. அவள் எடுக்கவில்லை. முழுக்க ஒலித்து முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி அண்ணாச்சி, மழை உண்டு" என்று ஆட்டைத் திருப்பினாள். ஆடுகளுக்குப் பின்னால் அவள் நடக்க, அவளுக்குப் பின்னால் டிவிஎஸ்ஸை உருட்டிக்கொண்டு வானிலை நிபுணர் நடந்தார்.

சாயங்காலம் அடித்த மழையில் ஓடை மார்பளவு போனதாக மறுநாள் சொன்னார்கள். ஊரில் மழை ஓய்ந்ததும் ஜெனோ தகரத்துக்கு இன்னும் நாலு கயிறு கட்டச் சொன்னான். மாமா சொன்னா சொன்னதுதான் என்று அவனுக்கு ஒரே புல்லரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வானம் இரண்டாகக் கிழிந்தது. தகரத்தின் மேல் மழை விழுந்த சத்தத்தில் குருவானவர் செய்த ஆரம்ப ஜெபத்தின் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை. அவர் வாயசைவு நின்ற இடத்தில் சபை உத்தேசமாக ஆமென் சொன்னது. அவர் மறுபடி தொடர்ந்தார். சபை மறுபடி ஆமென் சொன்னது. அடுப்புக்குழியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. சோறு மல்லிகைப்பூவாக வெந்து இறங்கியது. ஐந்து மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தபோது, பந்தலுக்கு வெளியே முழங்கால் தண்ணீரும், உள்ளே கறிக்குழம்பின் வாசமும், நடுவே அம்பாசமுத்திரத்துத் தகரமும் இருந்தன.

ஜெனோ மைக்கைப் பிடித்தான். "இந்த அசனம் நனையாம நடந்ததுக்கு ஆண்டவருக்கு அடுத்தபடியா ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். மழைக்குத் துளியும் வாய்ப்பில்லைன்னு திருவாய் மலர்ந்த நம்ம அப்பாத்துரை மாமா." ஆயிரத்தைந்நூறு பேர் சிரித்தார்கள். மழைச்சத்தத்தை மீறிக் கேட்டது. குருவானவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். அப்பாத்துரையும் சிரித்தார். வலது கை, ஒத்திகை பார்த்த உயரத்துக்குத் தானாகவே பாதி எழுந்தது. அதைத் தலையைச் சொறிவதுபோல மாற்றிக்கொண்டார்.

பெண்கள் வரிசையில் சுடலைவடிவு சடக்கென்று எழுந்து நின்றாள். வாயைத் திறந்தும்விட்டாள். அப்பாத்துரை தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு பரிமாறுகிறவனிடமிருந்து கறிவாளியை வாங்கிக்கொண்டு ஆண்கள் வரிசைக்கு வந்து, அவர் இலையில் நல்லதாக நாலு துண்டு வைத்தாள்.

"எங்க கடா, அண்ணாச்சி. சாப்பிடுங்க." குனிந்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டு பாத்தியளா."

ஏழு வருஷம் காத்திருந்த வாக்கியம், ஒரு வாளிக்குப் பின்னால், ஒருத்தர் காதுக்கு மட்டும் வந்தது. காரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டு அவர் கண்ணைத் துடைத்தார். சாரம்மாள் பெண்கள் வரிசையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டாள். அதில் காரம் இல்லை.

திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்கு, கொல்லையில் இருந்த தன் சொந்த மழைமானியைத் திறந்து, குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப்பிடித்தார். எழுபத்தொன்று புள்ளி நாலு. காற்றில் குளிர்ச்சி. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வெயில் எங்கேயோ போய் ஒளிந்திருந்தது. அவருடைய நோட்டில் மூன்று கட்டங்கள்: தேதி, சொன்னது, பெய்தது. 'பெய்தது' கட்டத்தை உடனே நிரப்பினார். 'சொன்னது' கட்டத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. கடைசியில், 'வறண்ட வானிலை' என்று எழுதினார். அதைத்தானே ஊருக்குச் சொன்னார். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'இடி மழை — வடிவிடம்' என்று எழுதினார்.

தோளுக்குப் பின்னால் சாரம்மாள் மாங்காய்க் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பொய் சொல்லத்தான் மூணு தடவ ரெக்கார்டு பண்ணுனியளாக்கும்" என்றாள்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பது வருஷப் பழக்கத்தில், அந்தச் சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் அரை மார்க் போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, வழிமுறைக்காக என்று இன்னொரு கால் மார்க் சேர்த்தாள்.

அவர் செல்போனை எடுத்தார். வியாழக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. பொய்யை அப்படியே விட்டுவைக்க மனசு ஒப்பவில்லை. "அன்பானவர்களே, ஒரு திருத்தம். வெப்பம் கூடாது, குறையும். மூன்று நாளைக்கு வானம் மூட்டமாக இருக்கும். வெயில் எதிர்பார்க்க வேண்டாம்." ஒரே தடவையில் பதிவாகிவிட்டது. மழை இல்லாததால் சுடலைவடிவுக்கு மணி அடிக்கவில்லை.

மாங்காய்க் கூடையோடு மாடிப்படி வரைக்கும் போன சாரம்மாள் முதல் படியில் நின்றாள். பிறகு திரும்பி வந்து, கூடையை அடுப்படிக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

வெயில் எதிர்பார்க்க வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்தில் மற்ற மொட்டைமாடிகளில் எல்லாம் பழைய சேலை விரித்து மாங்காய்க் கீற்று பரப்பியாகிவிட்டது. திங்கள் போனது, செவ்வாய் போனது. மூட்டம் விலகவில்லை. புதன்கிழமை கீற்றில் பூசணம் பூத்தது.

அன்று சாயங்காலம் ஜெனோ வந்தான். கையில் பழக்கூடை இல்லை. முகத்தில் ஏமாற்றப்பட்டவனின் வருத்தம்.

"என்ன மாமா நீங்க. ஒங்கள நம்பித்தான ஊரே மாங்காயப் போட்டிச்சு. ஒரு தப்பக்கூட ஒழுங்காச் சொல்ல மாட்டியளா?"